பொம்பெயி: முதலில் கல், பிறகு சாம்பல்

இத்தாலியில் உள்ள வெசுவியஸ் எரிமலை, பொம்பெயி என்ற ரோமானிய நகரத்தைத் தீக்குழம்பால் மூடவில்லை. இந்த ஒரு எண்ணத்தைத் திருத்திக்கொண்டு போனால்தான் அங்கே கண்ணில் படுவது சரியாக விளங்கும். குழம்பு ஓடி வந்திருந்தால் சுவரோவியமும் ரொட்டியும் முட்டை ஓடும் மிஞ்ச வழியே இல்லை. கி.பி. 79இல் முதலில் வானத்திலிருந்து கல் பெய்தது. முக்கால் நாள் கழித்துத்தான் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவிலிருந்து தரையோடு தரையாகப் பாய்ந்து வந்தன. எந்தச் சுவர் எவ்வளவு உயரம் நிற்கிறது, கூரைகள் ஏன் இல்லை, எங்கே மனித உருவம் அச்சாகக் கிடைத்தது, எங்கே வெறும் எலும்பு கிடைத்தது என்பதையெல்லாம் இந்த வரிசைதான் முடிவு செய்தது.

கல் என்றதும் பாறையை நினைக்க வேண்டாம். அது நுரைக்கல், குதிகால் தேய்க்கக் கடையில் விற்கிறார்களே, அந்த இனம். கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் அது மணிக்குச் சுமார் 15 செ.மீ. உயரம் சேரும் அளவுக்கு விடாமல் பெய்தது. பிற்பகலில் தொடங்கி மறுநாள் விடியும் வரை, ஏறத்தாழ 18 மணி நேரம். ஊருக்குள் 2.8 மீட்டர் குவிந்தது. ஓட்டுக்கூரைகள் அந்தப் பாரத்தைத் தாங்காமல் ஒவ்வொன்றாக உள்ளே சரிந்தன. அதே சமயம் வீட்டின் கீழ்ப்பகுதியை நுரைக்கல் உள்ளும் புறமும் நிரப்பி, மணல்மூட்டை அடுக்கியதுபோல் அணைத்துப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வந்த சாம்பல் ஓட்டம், குவியலுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த மேல்மாடிகளை அடித்துத் தள்ளியது. தரைத்தளங்கள் வரிசை வரிசையாக நிற்பதும் மாடிகள் அரிதாக இருப்பதும் இதனால்தான். இன்று அங்கே தலைக்கு மேல் தெரியும் கூரை ஏறக்குறைய எல்லாமே பிற்காலத்தில் போட்டது.

அகழாய்வு நின்றுபோன ஓரங்களில் வெட்டிய மண்சுவர் சில இடங்களில் அப்படியே தெரியும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் முன் ஐந்து நிமிடம் நிற்பது நல்லது. அடியில் வெள்ளை நுரைக்கல், அதன்மேல் சாம்பல் நிற நுரைக்கல், அதற்கும் மேலே மெல்லிய படலம் படலமாக இறுகிய சாம்பல். வெள்ளை மாறிச் சாம்பல் நிறம் தொடங்கும் கோடு, மலையின் வயிற்றில் ஆழத்தில் கிடந்த வேறு வகைக் குழம்பு வெளியே வரத் தொடங்கிய நேரத்தைக் காட்டுகிறது. இரண்டு நாள் நிகழ்ச்சி கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருக்கிறது.

மனித உருவ அச்சுகளும் இந்த அடுக்குகளின் விளைவுதான். மெல்லிய சாம்பல் உடலைச் சுற்றி இறுகியது. உள்ளே உடல் மக்கிப்போக, எலும்பும் ஒரு பொந்தும் மிஞ்சின. 1863இல் அகழாய்வின் தலைவராக இருந்த ஜூசெப்பே ஃபியோரெல்லி அந்தப் பொந்தில் பிளாஸ்டரை ஊற்றச் செய்தார். தோண்டும்போது பொந்து தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். துளை வழியே கரைசலை ஊற்றி, இறுகவிட்டு, பிறகே சுற்றிலும் உள்ள சாம்பலைச் செதுக்கி எடுக்க வேண்டும். பக்குவம்தான் எல்லாம். கரைசல் கெட்டியாக இருந்தால் விரல் நுனி, உதடு, துணி மடிப்பு வரை போய்ச் சேராது. தண்ணீராக இருந்தால் உள்ளே கிடக்கும் எலும்பைத் தாங்கும் வலு இராது. நுரைக்கல் அடுக்கில் இறந்தவர்களுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் உதிரிக் கற்கள் உருவத்தைப் பிடித்துவைப்பதில்லை. இதுவரை கிடைத்துள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கீழடுக்கில்தான் கிடைத்தன, அதுவும் பெரும்பாலும் கூரை சரிந்த வீடுகளுக்குள். அவர்களுக்கு அச்சு இல்லை, அதனால் படமும் இல்லை. ஊரில் தெரியும் அச்சுகள் எல்லாம் இரண்டாம் நாள் காலை வரை உயிரோடு இருந்தவர்களுடையவை.

இந்த அச்சுகளைச் சுற்றிக் கட்டிய கதைகளை நம்பிவிடக் கூடாது. ‘தங்க வளையல் வீடு’ எனப்படும் வீட்டில், மடியில் குழந்தையோடு கிடைத்த உருவத்தைத் தாய் என்றே நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். வளையல் போட்டிருந்ததுதான் ஆதாரம். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த உருவம் ஓர் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்றும் காட்டியது. வழிகாட்டிகளில் சிலர் இன்னும் பழைய கதையையே சொல்கிறார்கள்.

நாள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகஸ்ட் 24 என்பது ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி எழுதிய கடிதத்தின் கைப்படிகளிலிருந்து வந்தது. வளைகுடாவின் மறுகரையில், சுமார் 30 கி.மீ. தள்ளி மிசேனத்தில் இருந்தபடி இதைப் பார்த்தபோது அவருக்கு வயது 17. கைப்படிகளுக்குள்ளேயே தேதி ஒத்துப்போவதில்லை. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17 என்று நாள் குறித்த கரிக்கோட்டு எழுத்து கிடைத்தது. ஆண்டு எழுதப்படவில்லை. ஆனால் கரிக்கோடு சுவரில் நெடுநாள் நிற்காது. அந்த வீட்டில் பழுதுவேலை வேறு நடந்துகொண்டிருந்தது. மாதுளை, மூடி வைத்த புதுத் திராட்சைச் சாற்றுத் தாழிகள், குளிருக்கான கணப்புச் சட்டிகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இலையுதிர் காலமே பொருந்துகிறது என்பது என் கருத்து. வாதம் இன்னும் முடியவில்லை.

போய்ச் சேர்வது

நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து போகிறவர்கள் சிர்க்கும்வெசுவியானா என்ற சிறு ரயிலைப் பிடிப்பார்கள். அது புறப்படும் இடம் போர்த்தா நோலானா. அடுத்த நிறுத்தம் பெரிய ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் உள்ள கரிபால்தி. உட்கார இடம் வேண்டுமானால் ஒரு நிறுத்தம் முன்னால் போய், போர்த்தா நோலானாவிலேயே ஏறுவது புத்திசாலித்தனம். சாதாரண வண்டிகளில் முன்பதிவு கிடையாது. பயணம் 35 முதல் 40 நிமிடம். நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

குழப்பம் வருவது நிலையப் பெயரில். சொரெந்தோ போகும் தடத்தில் உள்ளது ‘பொம்பெயி ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி’. பொஜ்ஜோமரினோ போகும் தடத்தில் உள்ளது ‘பொம்பெயி சாந்துவாரியோ’. இவை தவிர, அரசு ரயில்வேயின் ‘பொம்பெயி’ நிலையம் தனி. தடம் மாறி ஏறிவிட்டோம் என்று பலர் பதறிப் பாதி வழியில் இறங்கிவிடுகிறார்கள். பதற வேண்டியதில்லை. முதல் நிலையம் மேற்கு வாசலான போர்த்தா மரினாவுக்குப் பக்கம். மற்ற இரண்டும் கிழக்கே, ஆம்ஃபிதியேட்டர் என்ற திறந்தவெளி ஆட்டரங்கத்தின் வாசலுக்குப் பக்கம். நான் சிபாரிசு செய்வதே கிழக்கு வாசலைத்தான். காரணம் பின்னால் வருகிறது.

2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. டிக்கெட்டில் பெயர் இருக்கும். வாசலில் கடவுச்சீட்டோ வேறு அடையாள அட்டையோ கேட்பார்கள். குடும்பத்துக்கு வாங்கும்போது எல்லோருக்கும் ஒரே பெயரைப் போட்டுவிட்டு வாசலில் மாட்டிக்கொள்ளக் கூடாது. கூட்டக் காலமான ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் 1 மணி வரை நுழைய 15,000 பேருக்கும், அதன்பின் 5,000 பேருக்கும்தான் இடம். எனவே தொல்லியல் பூங்காவின் சொந்த இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். ரயில் நிலைய வாசலில் நின்றபடி ‘வரிசையே இல்லை, நேரே உள்ளே’ என்று கூப்பிடுகிறவர்களிடம் வாங்கத் தேவையில்லை. 2025இல் நகரத்துக்கு மட்டுமான டிக்கெட் 18 யூரோ. சுவருக்கு வெளியே உள்ள மாளிகைகளும் சேர்ந்தது 22 யூரோ. ‘மர்மங்களின் மாளிகை’ இரண்டாவதில்தான் அடங்கும். அது தெரியாமல் மலிவான டிக்கெட்டோடு வடமேற்கு மூலை வரை நடந்துபோய்த் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. 18 வயதுக்குக் கீழே இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். அன்று போகாமல் இருப்பதே நல்லது.

பை 30 × 30 × 15 செ.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். பெரியதை வாசலில் உள்ள பொருள் காப்பறையில் விட்டுப் போகலாம். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறப் போகிறவர்களுக்கு அது உதவாது. ஒருமுறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போக முடியாது. சாப்பிட, ஃபோரம் என்ற நகரின் பொதுச் சதுக்கத்துக்கு அருகே ஓர் உணவகம் உண்டு. கழிப்பறைகள் சில இடங்களில் மட்டும்தான். தண்ணீர் வாங்கிச் சுமக்க வேண்டாம். காலி புட்டி போதும், வீதியோரத் தொட்டிகளில் குடிநீர் வருகிறது.

காலணியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீதிகள் எரிமலைப் பாறையை வெட்டிப் பதித்தவை. ஒவ்வொரு கல்லும் ஒரு குவி முதுகு, இரண்டாயிரம் ஆண்டாகத் தேய்ந்த வழவழப்பு, இடையில் ஆழமான இடுக்கு. செருப்போடு போனால் கணுக்கால் பிசகும். மழை பெய்தால் நல்ல காலணியும் வழுக்கும். சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியோடோ வருகிறவர்களுக்குச் சமதளப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆம்ஃபிதியேட்டர் வாசலில் தொடங்கி 3 கி.மீ.க்கு மேல் போகிறது. ஜூலை, ஆகஸ்டில் நிழல் என்பதே இல்லை. தொப்பி இல்லாமல் நகர முடியாது. ஏப்ரல் பாதி, மே, அக்டோபர் நல்ல காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மாலை 5 மணிக்கே மூடிவிடுகிறார்கள், கடைசி நுழைவு அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பு.

கிழக்கிலிருந்து மேற்கே

சுற்றுலாக் கூட்டம் முழுதும் போர்த்தா மரினாவில் நுழைந்து, செங்குத்தான சரிவில் ஏறி, நேரே ஃபோரம் போய், அங்கிருந்து சிதறும். பத்து மணிக்கு ஃபோரத்தில் கொடி பிடித்த வழிகாட்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அதே பத்து மணிக்கு நகரத்தின் கிழக்குப் பாதி காலியாகக் கிடக்கும். ஒன்பது மணிக்குக் கிழக்கு வாசலில் நுழைந்தால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகலாம். ஃபோரத்தை எட்டும்போது பிற்பகல் ஆகியிருக்கும், குழுக்கள் கலையத் தொடங்கியிருக்கும். முடிவில் மேற்கு வாசல் வழியே வெளியேறி ஸ்காவி நிலையத்தில் ரயிலேறிவிடலாம்.

வாசலைத் தாண்டியதும் ஆம்ஃபிதியேட்டர். கி.மு. 70 வாக்கில் கட்டியது. நமக்குத் தெரிந்த கல்லால் ஆன நிரந்தர ஆம்ஃபிதியேட்டர்களில் இதுவே பழையது. உள்ளே படிக்கட்டு வைக்கும் உத்தி இன்னும் கைவரவில்லை என்பதை வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய படிக்கட்டுகள் காட்டும். கி.பி. 59இல் இங்கே உள்ளூர்க்காரர்களும் பக்கத்து ஊரான நுக்கேரியாக்காரர்களும் அடித்துக்கொண்டு பலர் இறந்ததில், ரோம் பத்தாண்டுக்கு ஆட்டம் நடத்தத் தடை போட்டது. அருகிலேயே ‘தப்பியோடியவர்களின் தோட்டம்’. 13 பேரின் அச்சுகள், கிடைத்த இடத்திலேயே. பெரியவர்களும் குழந்தைகளும், நுரைக்கல் குவியலின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தவர்கள். காலையில் போனால் அங்கே அமைதியாக நிற்க முடியும். அந்த இடத்துக்கு அது தேவை.

பக்கத்துத் திராட்சைத் தோட்டமும் கவனிக்க வேண்டியது. உடல்களைப் போலவே கொடிகளின் வேர்களும் மக்கிப் பொந்துகளை விட்டுப் போயிருந்தன. தொல்தாவரங்களை ஆராய்ந்த வில்ஹெல்மினா யாஷெம்ஸ்கி அவற்றைச் சுத்தம் செய்து சிமென்ட் ஊற்றி, 2,000க்கும் மேற்பட்ட கொடிகளின் இடத்தைக் கண்டுபிடித்தார். ஊர்ச்சுவருக்குள் சும்மா கிடந்த வெளி என்று நினைத்தது முழுத் திராட்சைத் தோப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. இன்று அங்கே மறுபடி கொடிகள் நிற்கின்றன.

இங்கிருந்து அப்பொந்தான்சா வீதி நேர்கோடாக மேற்கே ஃபோரம் வரை போகிறது. என்னைக் கேட்டால் பொம்பெயியில் பார்க்க வேண்டிய முதல் பொருள் இந்த வீதிதான். ஓவியம் தீட்டிய பணக்கார வீடுகள் பிற ரோமானிய ஊர்களிலும் உண்டு. ஆனால் ஒரு நகரம் தண்ணீரையும் வண்டியையும் மாவையும் எப்படிச் சமாளித்தது என்பதை இவ்வளவு முழுமையாகக் காட்டும் இடம் வேறில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். நகரத்தின் வடக்கு உச்சியில், வெசுவியஸ் வாசலருகே, கால்வாய் வந்து சேரும் செங்கல் மண்டபம். அங்கிருந்து தெற்கு எல்லைக்கு 30 மீட்டருக்கும் மேல் சரிவு. நேரே குழாய் போட்டால் கீழ்ப்பகுதியில் அழுத்தம் தாங்காமல் ஈயக் குழாய்கள் வெடிக்கும். அதற்காக வீதி முனைகளில் 6 மீட்டர் உயரத் தூண்கள் கட்டினார்கள். உச்சியில் ஓர் ஈயத் தொட்டி. தண்ணீர் ஒரு பக்கம் ஏறித் தொட்டியில் விழும். அழுத்தம் அங்கேயே கரைந்துவிடும். மறு பக்கம் இறங்கி அக்கம்பக்கத்துக்குப் போகும். தூணின் பக்கத்தில் குழாய் போன பள்ளமும், வழிந்த தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவும் இன்னும் தெரிகின்றன. நடைபாதை ஓரங்களில் குழாய்த் துண்டுகளையும் பார்க்கலாம்.

தூணுக்குப் பக்கத்திலேயே பொதுத் தொட்டி இருக்கும். ஊரில் இவை சுமார் 40. நான்கு கற்பலகைகளை இரும்புக் கவ்விகளால் பிணைத்தது, ஓரத்தில் செதுக்கிய முகம், அதன் வாயில் குழாய். முகத்துக்கு இருபுறமும் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். கல் குழிந்து மழமழவென்று இருக்கும். ஒரு கையை விளிம்பில் ஊன்றிக் குனிந்து வாய் வைத்துக் குடித்தவர்களின் உள்ளங்கை தேய்த்த பள்ளம் அது. பெரும்பாலான தொட்டிகளில் இதே இடத்தில் இதே தேய்மானம்.

தொட்டி நிரம்பி வழிவது குறையில்லை. வழிந்த நீர்தான் வீதியைக் கழுவியது. பாதாளச் சாக்கடை ஊரின் சிறு பகுதிக்குத்தான் இருந்தது. மற்ற இடங்களில் வீதியே வாய்க்கால். ஆகவே நடைபாதை உயரம். ஆகவே கடக்கும் இடங்களில் வீதிக்குக் குறுக்கே மேடைக்கற்கள். கற்களுக்கு நடுவே விட்ட இடைவெளி வண்டிச் சக்கரங்களுக்கு. அந்த இடைவெளி வழியே பாறையை அறுத்துக்கொண்டு போகும் சக்கரத் தடங்களைக் காணலாம். தடங்களையும் நடைபாதைக் கல்லில் உரசிய காயங்களையும் அளந்து பார்த்து, வண்டிகள் வலப்புறமாகப் போயின, குறுகிய தெருக்கள் ஒருவழிப் பாதையாக இருந்தன என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கற்களுக்கு நடுவே ஆங்காங்கே பதித்த சிறு வெள்ளைத் துண்டுகளும் தெரியும். நிலா வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் வழி காட்டுவதற்கு.

இனி மாவு. ரொட்டிக்கடைகள் முப்பதுக்கும் மேல். கடைக்குப் பின்னாலுள்ள முற்றத்தில் ஆள் மார்பளவு உயரத் திருகைகள் வரிசையாக நிற்கும். அடிக்கல் கூம்பு. அதன்மேல் கவிழ்த்த மேல்கல் உடுக்கை வடிவம், இரு பக்கமும் வாய் திறந்து, இடுப்பு ஒடுங்கியது. மேல்வாயில் தானியம் கொட்டினால் இரு கல்லுக்கும் இடையே அரைபட்டு அடியில் மாவாக உதிரும். உடுக்கையின் இடுப்பில் இருபுறமும் சதுரத் துளை உண்டு. அதில் மரச்சட்டத்தைச் செருகிக் கழுதையையோ ஆளையோ கட்டிச் சுற்ற வைத்தார்கள். மரம் போய்விட்டது, துளை இருக்கிறது. தேய்ந்த மேல்கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடலாம் என்பதற்காகத்தான் இரு வாயும் ஒரே மாதிரி. எரிமலைக்கல் துளை துளையாக இருப்பதால் தேயத் தேயப் புது முனை வரும், அடிக்கடி கொத்த வேண்டாம். அதன் விலை மாவில் கலந்த கல்துகள். கடைக்காரர் ஒருவரின் அடுப்பில் 81 ரொட்டிகள் 1862இல் கரிக்கட்டையாகக் கிடைத்தன. உருண்டை வடிவம், எட்டாகப் பிட்டுக்கொள்ளக் கோடு கீறியது. 2023இல் தோண்டிய இன்னொரு ரொட்டிக்கூடத்தில் சன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தது, வெளியே போக வழியில்லை. தரையில் விலங்குகள் ஒரே வட்டத்தில் கால் வைத்துச் சுற்றுவதற்காகவே குழிகள் வெட்டியிருந்தன. அங்கே அடைபட்டு உழைத்த அடிமைகளும் அந்த ரொட்டிக்குள் இருக்கிறார்கள்.

தெருவோர உணவுக்கடைகளில், கல்மேடைக்குள் பதித்த மண் தாழிகளைப் பார்த்து, சூடான குழம்பு வைத்தது என்று சொல்வார்கள். சுடுமண் தாழியைக் கட்டடத்தோடு பதித்துவிட்டால் கழுவுவது எப்படி? அதனால் பருப்பு, கொட்டை போன்ற காய்ந்த சரக்குக்குத்தான் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். 2020இல் முழுதாகத் தோண்டிய கடையில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை எச்சங்கள் ஒன்றாகக் கிடைத்த பிறகு பழைய கட்சிக்கு வலு கூடியிருக்கிறது.

வீடுகளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. மூன்று போதும். ஃபாவுன் வீடு, ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர். அலெக்சாந்தர் போர் மொசைக் இருந்த இடத்தில் இப்போது கிடப்பது நகல். வெத்தி சகோதரர்கள் வீடு, இருபதாண்டு மூடிக்கிடந்து 2023இல் திறந்தது. அடிமையாக இருந்து விடுதலை பெற்றுப் பணம் சேர்த்தவர்கள் தங்கள் பணத்தை எப்படிக் காட்டினார்கள் என்று அங்கே தெரியும். பிறகு ஹெர்குலேனியம் வாசல் வழியே கல்லறை வீதியில் நடந்து மர்மங்களின் மாளிகை, சிவப்புப் பின்னணியில் ஆளுயர உருவங்கள் சுவர்களைச் சுற்றி வரும் அறை. சிவப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை: ஊரில் காணும் சிவப்புச் சுவர்கள் சில முதலில் மஞ்சள் பூசியவை, சூடான வாயு பட்டு மஞ்சள் காவி சிவந்துவிட்டது.

வீடுகள் சுழற்சி முறையில் மூடப்படும். குறிப்பிட்ட ஒரு வீட்டுக்காகவே போகிறவர்கள் அன்று திறந்திருக்கும் கட்டடங்களின் பட்டியலைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். வழி தவறாமல் இருக்க முனைகளில் உள்ள பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்வது உதவும். முதல் எண் பகுதி (மொத்தம் ஒன்பது), இரண்டாவது மனைத்தொகுதி, மூன்றாவது வாசல். அச்சு எடுத்த அதே ஃபியோரெல்லி வகுத்த முறை. இந்த மூன்று எண் கையில் இருந்தால் ஊரில் எந்தக் கதவையும் கண்டுபிடித்துவிடலாம்.

மூடியிருப்பதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. 1748இல் தோண்டத் தொடங்கிய நாள் முதலே இந்த ஊர் இரண்டாம் முறை அழிந்துகொண்டிருக்கிறது. நுரைக்கல் அணைப்பு போனதும் சுவர்கள் மழைக்கும் வெயிலுக்கும் வெளிப்பட்டன. 1943இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. பிறகு போட்ட கான்கிரீட் கூரைகளின் கனத்தைப் பழைய சுவர்கள் தாங்கவில்லை. உள்ளே இரும்பு துருப்பிடித்து உப்பி விரிசல் விட்டது. தோண்டாத பக்கத்து மண்மேடு மழைநீரைக் குடித்து வீங்கிப் பின்சுவரைத் தள்ளியது. 2010 நவம்பரில், அரங்கில் சண்டையிட்ட வீரர்களான கிளாடியேட்டர்களின் கூடம் ஒரே காலையில் இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு வந்த 105 மில்லியன் யூரோ திட்டத்தின் பெரும் வேலை, மண்மேட்டைச் சரித்து வடிகால் போட்டதுதான். நகரத்தின் 66 ஹெக்டேரில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அதை அப்படியே விட்டு வைப்பது சரி. தோண்டியதைக் காக்கவே ஆள் போதவில்லை. சுவரில் சாயாமல், கல்லை எடுத்துப் பையில் போடாமல் வருவது நம் பங்கு.

பக்கத்து ஊரும் மலையும் அருங்காட்சியகமும்

நேரம் இருந்தால் இன்னொரு நாள் ஹெர்குலேனியம். அதே ரயிலில் எர்கொலானோ ஸ்காவி நிலையம், பத்து நிமிட இறக்கம். காற்று தென்கிழக்காக வீசியதால் இங்கே நுரைக்கல் அதிகம் விழவில்லை. நள்ளிரவு தாண்டி நேரே வந்தது கொதிக்கும் ஓட்டம். அடுத்தடுத்து வந்து 20 மீட்டர் ஆழத்துக்கு மூடியது. கூரையை உடைக்கக் கல்மழை இல்லை. மரம் எரியக் காற்று இல்லை. அதனால் உத்தரங்களும் கதவுகளும் மடக்குத் தடுப்பும் தொட்டிலும் கரியாகி, உருக்குலையாமல் நிற்கின்றன, மாடிகளும் நிற்கின்றன. பழைய கடற்கரையில் படகு வைக்கும் வளைவறைகளில் சுமார் 300 பேரின் எலும்புகள், 1980 முதல் கிடைத்தவை. பொம்பெயியில் இல்லாததெல்லாம் இங்கே இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். முதலில் பொம்பெயி, பிறகு இது என்ற வரிசையில் போனால் வேறுபாடு தானே புரியும்.

மலைக்கும் அதே நாளில் ஏறிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள். 1,281 மீட்டர் மலையில் பேருந்து சுமார் 1,000 மீட்டர் வரை போகும். மேலே வாய்விளிம்பு வரை அரை மணி ஏற்றம், காலடியில் உதிரிச் சரளை. நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்கியாக வேண்டும். மேலே வாசலில் கைபேசிச் சமிக்ஞையை நம்பி இருக்கக் கூடாது. கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில்.

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். பொம்பெயியில் வெறும் சுவராகப் பார்த்ததன் ஓவியமும் மொசைக்கும் வெள்ளிப் பாத்திரமும் அங்கேதான் உள்ளன. ஆம்ஃபிதியேட்டர் சண்டையை வரைந்த சுவரோவியத்தையும், வெடிப்பதற்கு முன் கொடித்தோட்டம் போர்த்திய பச்சை மலையாக வெசுவியஸ் இருந்ததைக் காட்டும், மதுத் தெய்வமான பாக்கஸின் ஓவியத்தையும் தவறவிடக் கூடாது. காமக் கலைப்பொருள்களுக்கென ஒதுக்கிய ‘இரகசிய அறை’யில், இவை எவற்றோடும் சேராத ஒரு பொருள் இருக்கிறது: 25 செ.மீ. உயரத்துக்கும் சற்றுக் குறைவான தந்தச் சிற்பம். கனத்த காதணி, கை நிறைய வளையல், இரு பக்கமும் சிறு பணிப்பெண்கள். 1938இல் தொல்லியலாளர் அமதேயோ மையூரி, அப்பொந்தான்சா வீதியிலுள்ள ஒரு வீட்டில் கண்டெடுத்தார். லட்சுமி என்று அப்போது பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்பதே இன்று பலரின் கருத்து. இந்தியாவில் செய்து கடல் கடந்து போனது. முசிறித் துறையில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாடல் சொல்லும் அதே வணிகத்தின் காலம். தலை உச்சியிலிருந்து கீழ்நோக்கித் துளையிட்டிருக்கிறது, ஒரு சிறு மேசையின் காலாகவோ கண்ணாடியின் பிடியாகவோ இருந்திருக்கலாம். அடிப்பாகத்தில், பண்டை வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி லிபியின் ஓர் எழுத்து. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வர இடம் இருந்தால் பின்புறத்தையும் பாருங்கள். பின்னிய சடை இடுப்புக்குக் கீழே வரை நீளமாகத் தொங்குகிறது. அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை.